டீம் சாஃப்ட்வேர் இருக்க, தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எதுக்கு? ரெண்டையும் குழப்பாம வைத்துக்கொள்வது எப்படி? தூத்துக்குடி துறைமுக வேலையை வைத்து ஒரு விளக்கம்

தூத்துக்குடியில் ஒரு க்ளியரிங் அண்ட் ஃபார்வேர்டிங் ஆபீஸ். காலை 9 மணி. டேபிளில் உட்காரும் டாக்குமென்டேஷன் ஊழியருக்கு முன்னால் எத்தனை திரை திறக்கும் தெரியுமா? சுங்கத்துறையின் ஐஸ்கேட், ஷிப்பிங் லைனின் இணையதளம், டெர்மினலின் கேட் புக்கிங் பக்கம், ஆபீஸ் வாங்கி வைத்திருக்கும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர், இதெல்லாம் போக நாலைந்து வாட்ஸ்அப் குரூப்.

இவ்வளவும் இருந்தும் "இன்னைக்கு நான் முதல்ல என்ன செய்யணும்?" என்ற கேள்விக்கு எந்தத் திரையிலும் பதில் இருக்காது. கடைசியில் அந்தப் பதில் எங்கே இருக்கும்? கையில் எழுதிய துண்டுச் சீட்டிலோ, போனில் உள்ள நோட்பேடிலோ.

அப்படி எழுதுவது தப்பா? "டீம் டூல் இருக்கும்போது தனியா எதுக்குப்பா நோட்டு?" என்று மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது? எதை டீம் மென்பொருளில் எழுத வேண்டும், எதை சொந்தக் குறிப்பில் வைக்கலாம்? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக...

* டீம் மென்பொருள் என்பது பலர் சேர்ந்து செய்யும் வேலைக்கான பொதுப் பதிவு. சொந்த டெக்ஸ்ட் ஃபைல் என்பது உங்கள் ஒருவரின் நாளுக்கான திட்டம். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது.
* மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டிய தேதி, நிலை, முடிவு எல்லாம் டீம் மென்பொருளில்தான் இருக்க வேண்டும்.
* "அடுத்து நான் செய்ய வேண்டிய சின்ன வேலை" சொந்த ஃபைலில் இருக்கலாம்.
* பாஸ்வேர்டு, ஓடிபி, வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்கள் டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கவே கூடாது.

டீம் மென்பொருள் என்றால் என்ன?

ஒரு குழு செய்ய வேண்டிய வேலைகளை ஒரே இடத்தில் பட்டியலிட்டு, யார் செய்வது, எப்போது முடிப்பது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டும் மென்பொருள்தான் இது. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-ல் கொண்டுவந்த ஜிரா, 2011-ல் வந்த ட்ரெல்லோ, அசானா ஆகியவை உலக அளவில் பிரபலம். நம்ம ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது ஸோஹோ புராஜெக்ட்ஸ். சென்னையில் தலைமை அலுவலகம், தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஒரு அலுவலகம் என்று இயங்கும் ஸோஹோவின் தயாரிப்பு அது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ‘டிக்கெட்’ அல்லது ‘கார்டு’ இருக்கும். "செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது" என்று மூன்று வரிசைகளில் கார்டு நகரும். இதற்குப் பெயர் கான்பான். ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் பிறந்த முறை இது.

இதன் பெரிய பலம், ஒருவர் லீவு போட்டாலும் வேலை நிற்காது என்பதுதான். கார்டைத் திறந்தால் அடுத்தவருக்கு நிலவரம் புரிந்துவிடும்.

அப்படியானால் பிரச்சினை என்ன?

டீம் மென்பொருள் வேலையை ‘குழு’ கண்ணில் இருந்து பார்க்கும். உங்களுக்கு வேண்டியதோ ‘உங்க’ கண்ணில் இருந்து பார்க்கும் பட்டியல்.

உதாரணத்துக்கு, ஒரு ரீஃபர் கன்டெய்னரில் இறால் ஏற்றுமதி என்று வைத்துக்கொள்வோம். டீம் மென்பொருளில் அது ஒரே ஒரு கார்டு: "இறால் ஏற்றுமதி, வியாழக்கிழமை கப்பல்". ஆனால் அந்த ஒரு கார்டுக்குள் நடக்கும் வேலைகள்:

* ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் தாக்கல்.
* கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்து அறிவிக்கும் விஜிஎம். சர்வதேச கடல் பாதுகாப்பு விதியின்படி 2016 ஜூலை 1 முதல் இது கட்டாயம். விஜிஎம் இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது.
* டெர்மினல் கேட்டுக்குள் நுழைய ஃபார்ம் 13.
* சுங்கத்துறையின் ‘லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர்’, அதாவது ஏற்றுமதி செய்யலாம் என்ற அனுமதி.
* இதெல்லாம் முடிந்து, கேட் கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி உள்ளே போய்ச் சேர வேண்டும்.

இதற்கு நடுவில் ஷிப்பருக்கு மூணு போன், டிரைவருக்கு ரெண்டு போன், லைன் ஆபீஸுக்கு ஒரு மெயில். இந்தச் சின்ன வேலைகளை எல்லாம் தனித்தனி கார்டாகப் போட்டால் போர்டு நிரம்பி வழியும். மற்றவர்களுக்கு அது இரைச்சல். போடாமல் விட்டால் நீங்கள் மறந்துவிடுவீர்கள். இந்த இடைவெளியில்தான் சொந்தக் குறிப்புக்கு வேலை வருகிறது.

மறந்தால் என்ன ஆகும்?

துறைமுக வேலையில் மறதிக்கு ரூபாயில் விலை உண்டு.

இறக்குமதியில், பில் ஆஃப் என்ட்ரியை கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2021-ல் வந்த பொது விதி. இலங்கை, மாலத்தீவு போன்ற சில பக்கத்து நாடுகளில் இருந்து வரும் சரக்குக்குத் தளர்வு உண்டு. தாமதமானால் முதல் 3 நாட்களுக்கு தினமும் 5,000 ரூபாய், அதற்குப் பிறகு தினமும் 10,000 ரூபாய் கட்டணம். 5 நாள் தாமதம் என்றால் 3 x 5,000 + 2 x 10,000 = 35,000 ரூபாய். ஒரே ஒரு ஆவணத்துக்கு.

அதோடு முடியாது. இலவச நாட்கள் தாண்டியும் பெட்டி டெர்மினலிலேயே கிடந்தால் டிமரேஜ். வெளியே எடுத்துப் போன பெட்டியைக் காலி செய்து உரிய நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் டிடென்ஷன். மரத்தடி இறக்குமதி செய்பவர் முதல் முந்திரி ஆலைக்காரர் வரை எல்லோரும் பயப்படும் ரெண்டு வார்த்தை இது.

ஏற்றுமதியில் கட்-ஆஃப் தவறினால் பெட்டி அடுத்த கப்பலுக்குத்தான். மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய உறைந்த இறால் பெட்டிக்கு ஒவ்வொரு நாளும் பிளக்-இன் மின்சாரச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

1974 ஜூலையில் பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்தைப் பெற்று, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் தூத்துக்குடி துறைமுகத்தில், 2024 செப்டம்பரில் இன்னொரு கன்டெய்னர் டெர்மினலும் திறக்கப்பட்டது. பெட்டி கூடக் கூட, கவனிக்க வேண்டிய தேதிகளும் கூடும்.

‘ப்ளைன் டெக்ஸ்ட்’ என்றால் என்ன?

போனிலோ கம்ப்யூட்டரிலோ உள்ள சாதாரண நோட்பேடில் அடித்து சேமித்தால் கிடைக்கும் ஃபைல்தான் ப்ளைன் டெக்ஸ்ட். அதில் எழுத்து மட்டும்தான் இருக்கும். கலர் இல்லை, தடிமன் இல்லை, டேபிள் இல்லை, படம் இல்லை.

"இவ்வளவு சாதாரணமான விஷயத்தில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். சாதாரணமாக இருப்பதுதான் அதன் பலமே.

* எந்த போனிலும், எந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் திறக்கும்.
* நெட் வேண்டாம், லாகின் வேண்டாம், சந்தா வேண்டாம்.
* இதை உருவாக்கிய செயலி நாளைக்கே மூடப்பட்டாலும் உங்கள் ஃபைல் அப்படியே இருக்கும்.
* தேடுவது சுலபம். கன்டெய்னர் எண்ணை அடித்தால் அந்தப் பெட்டி பற்றிய எல்லா வரியும் வந்து நிற்கும்.
* இடமே பிடிக்காது.

கடைசி விஷயத்தைக் கணக்காகவே பார்க்கலாம். இப்போதைய யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட். ஒரு வரிக்கு 60 குறி என்றால் 180 பைட். தினமும் 20 வரி, வருஷத்துக்கு 300 நாள் எழுதினால் 6,000 வரி. மொத்தம் சுமார் 1.1 எம்பி. போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவே பெரும்பாலும் இதைவிடப் பெரிசு. உங்கள் ஒரு வருஷ வேலை முழுவதும் ஒரு போட்டோ அளவுக்குள் அடங்கிவிடும்.

பிரபலமான 3 முறைகள்

வெறும் ஃபைலில் கண்டபடி எழுதினால் பத்தே நாளில் குப்பை ஆகிவிடும். அதனால் உலகம் முழுக்க சிலர் எளிய ஒழுங்குமுறைகளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள்.

1. டூடு டாட் டெக்ஸ்ட்: அமெரிக்க தொழில்நுட்ப எழுத்தாளர் ஜினா ட்ரபானி 2006-ல் தொடங்கியது. ஒரு வரிக்கு ஒரு வேலை. முன்னுரிமைக்கு வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குள் ஒரு ஆங்கிலப் பெரிய எழுத்து. எந்தப் புராஜெக்ட் என்பதற்கு + குறி. எங்கே அல்லது எதை வைத்துச் செய்வது என்பதற்கு @ குறி. முடிந்த வேலைக்கு முன்னால் ஆங்கிலச் சின்ன எழுத்து எக்ஸ். அவ்வளவுதான் மொத்த விதியும்.

2. ஆர்க் மோட்: ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் 2003-ல் தன் சொந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்த உருவாக்கியது. ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள் இயங்கும். காலண்டர், நேரக் கணக்கு, அட்டவணை எல்லாம் உண்டு. பலம் அதிகம்தான், ஆனால் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

3. மார்க்டவுன்: ஜான் க்ரூபர் 2004-ல் வெளியிட்டது. தலைப்புக்கு # குறி, பட்டியலுக்கு * குறி என்று எழுதினால் போதும். ஒப்சிடியன் போன்ற செயலிகள் இந்த ஃபைல்களை உங்கள் போனிலேயே வைத்துக்கொண்டு அழகாகக் காட்டும்.

புதுசாகத் தொடங்குபவர்களுக்கு முதலாவது முறையே போதும்.

ஒரு மாதிரி பட்டியல்

(ஏ) 2025-07-14 விஜிஎம் அனுப்பியாச்சான்னு ஷிப்பரிடம் கேட்கணும் +இறால்_ஏற்றுமதி @போன் டிக்கெட்:214

(பி) 2025-07-14 ஃபார்ம் 13 பிரின்ட் எடுத்து டிரைவரிடம் கொடுக்கணும் +இறால்_ஏற்றுமதி @ஆபீஸ் டிக்கெட்:214

2025-07-14 காலிப் பெட்டி எந்த யார்டுக்குப் போகணும்னு லைன் ஆபீஸில் உறுதி செய்யணும் +மரத்தடி_இறக்குமதி @போன் டிக்கெட்:198

இங்கே (ஏ), (பி) என்று காட்டியிருப்பதை செயலியில் ஆங்கில எழுத்தாகவே போட வேண்டும். தேதி என்பது அந்த வரியை எழுதிய நாள். முதலில் வருஷம், அப்புறம் மாதம், அப்புறம் நாள் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இப்படி எழுதினால் ஃபைலை வரிசைப்படுத்தும்போது தானாகவே கால வரிசையில் நிற்கும்.

வரிகளின் கடைசியில் இருக்கும் டிக்கெட் எண்ணைக் கவனித்தீர்களா? சொந்த ஃபைலையும் டீம் மென்பொருளையும் இணைக்கும் பாலம் அதுதான். கார்டில் இருக்கும் முழு விவரத்தையும் இங்கே காப்பி பண்ணத் தேவையில்லை. எண் இருந்தால் போதும், தேவைப்படும்போது அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எதை எங்கே எழுதணும்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். ஒரே கேள்வியில் முடிவு செய்யலாம்: "நான் நாளைக்கு வரலைன்னா இந்தத் தகவல் இல்லாம யாராவது தவிப்பாங்களா?"

ஆமாம் என்றால் டீம் மென்பொருள்:
* கட்-ஆஃப் நேரம், கப்பல் வரும் தேதி, இலவச நாட்கள் முடியும் தேதி
* ஷிப்பிங் பில் எண், பில் ஆஃப் என்ட்ரி எண், கன்டெய்னர் எண்
* வாடிக்கையாளர் சொன்ன மாற்றங்கள், ஒப்புதல்கள்
* சுங்கத்துறை எழுப்பிய கேள்வி, அதற்குக் கொடுத்த பதில்
* வேலை எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது

இல்லை என்றால் சொந்த ஃபைல்:
* இன்றைக்கு நான் செய்யும் வேலைகளின் வரிசை
* திரும்பக் கூப்பிட வேண்டிய போன்கள்
* "இதை அண்ணாச்சியிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கணும்" போன்ற சந்தேகங்கள்
* அரைகுறை யோசனைகள், கற்றுக்கொண்ட விஷயங்கள்
* எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற குறிப்பு

முக்கியமாக ஒன்று: ஒரு தேதி ரெண்டு இடத்தில் இருந்தால், ஏதோ ஒரு நாள் ரெண்டும் வேறுவேறாக இருக்கும். கப்பல் ஒரு நாள் தள்ளிப் போனதும் யாரோ ஒருவர் கார்டில் மாற்றிவிடுவார். உங்கள் ஃபைலில் பழைய தேதியே இருக்கும். அதை நம்பி வேலை செய்தால் சிக்கல்தான். அதனால் கட்-ஆஃப் போன்ற தேதிகளை சொந்த ஃபைலில் எழுதாதீர்கள். டிக்கெட் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

முத்துக்குளித்த கடற்கரை சொல்லும் பாடம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில் குளியாளர் தனியாக இறங்க மாட்டார். கல்லைக் காலில் மாட்டி அவர் கீழே போனால், படகில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே என்ன செய்வது, எந்தச் சிப்பியை எடுப்பது என்பது குளியாளரின் முடிவு. கயிறு அசைந்தால் இழுப்பது மேலே நிற்பவரின் பொறுப்பு. "மலை ஏறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்" என்ற பழமொழியை, அந்தக் கயிற்றைப் பிடிக்கும் மச்சானோடு சேர்த்துச் சொல்வார்கள் இந்தக் கரையில்.

கரைக்கு வந்த சிப்பிகளுக்கும் பொதுக் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் ‘கொட்டு’ எனப்படும் அரசு வளாகத்தில் சிப்பிகளைப் பங்கு பிரித்து, குளியாளர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். மீதி அரசுக்கு. 1961-ஓடு தூத்துக்குடிப் பக்கம் அந்த முத்துக்குளிப்பே நின்றுபோனது.

அந்த வேலைமுறை இன்றைக்கும் பொருந்தும். தண்ணீருக்குள் உங்கள் வேலையை நீங்கள்தான் திட்டமிட வேண்டும். அதற்காகக் கயிறே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

நெட் போனால் என்ன செய்வது?

இது கற்பனைக் கேள்வி இல்லை. தூத்துக்குடி இதை நேரிலேயே பார்த்திருக்கிறது.

* 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியில் அது திரும்ப வர நாட்கள் ஆனது.
* 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. மாவட்டத்தின் பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

நெட் இருந்தும் மென்பொருள் கைவிட்ட சம்பவங்களும் உண்டு.

* 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற சைபர் தாக்குதலில் உலகின் பெரிய கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய டெர்மினலும் பாதிக்கப்பட்டது. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களை 10 நாளில் மறுபடி அமைக்க வேண்டியிருந்ததாக அந்நிறுவனத் தலைவரே பின்னர் சொன்னார்.
* 2022 ஏப்ரலில் அட்லாசியன் நிறுவனத்தில் நடந்த ஒரு தவறால் சுமார் 775 வாடிக்கையாளர் நிறுவனங்கள் ஜிரா உள்ளிட்ட சேவைகளைத் திறக்க முடியாமல் தவித்தன. சிலருக்கு 2 வாரம் வரை.

இந்த மாதிரி நாட்களில் போனுக்குள்ளேயே இருக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், "எந்தப் பெட்டி எங்கே நிற்குது, யாரிடம் பேசணும்" என்று சொல்லும். அதற்காகவே ஒரு நல்ல பழக்கம் உண்டு: தினமும் சாயங்காலம் டீம் மென்பொருளில் இருந்து நடப்பு வேலைகளின் பட்டியலை ‘எக்ஸ்போர்ட்’ செய்து, அலுவலக அனுமதியோடு, அலுவலக லேப்டாப்பில் சேமித்து வைப்பது. பெரும்பாலான டீம் மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது. தேதியை சொந்த ஃபைலில் எழுத வேண்டாம் என்று சொன்னதற்கும் இதற்கும் முரண் இல்லை. இது பார்ப்பதற்கு மட்டும், திருத்துவதற்கு இல்லை. எடுத்த தேதியைப் பெயரிலேயே போட்டுவிட்டால் பழசு எது, புதுசு எது என்று குழப்பம் வராது.

ஒரு நாளை எப்படி நடத்துவது?

காலை 10 நிமிடம்: டீம் மென்பொருளைத் திறந்து உங்கள் பெயரில் உள்ள கார்டுகளைப் பாருங்கள். இன்று நகர வேண்டியவை எவை? ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டிய அடுத்த அடி என்ன என்று ஒரே வரியில் ஃபைலில் எழுதுங்கள். "இறால் வேலை" என்று எழுதாதீர்கள். "ஷிப்பருக்கு போன் பண்ணி எடைச் சீட்டு கேட்கணும்" என்று எழுதுங்கள். வாசித்ததும் கை தானாக வேலையைத் தொடங்க வேண்டும்.

பகலில்: புதுசாக எது வந்தாலும் ஃபைலின் கடைசியில் ஒரு வரி. போனில் பேசிக்கொண்டே அடிக்கலாம். ஒழுங்குபடுத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் 10 நிமிடம்: இதுதான் ரொம்ப முக்கியம். இன்று முடித்ததில் மற்றவருக்குத் தெரிய வேண்டியதை எல்லாம் கார்டில் ஏற்றுங்கள். எதிர்பாராமல் வந்த புது வேலை இன்னொருவரையும் சார்ந்தது என்றால் அதற்கு ஒரு கார்டு போடுங்கள். முடிந்த வரிகளைத் தனி ஃபைலுக்கு மாற்றுங்கள்.

காலைப் பத்து நிமிடத்தை விட்டால் உங்கள் நாள் மட்டும் கெடும். சாயங்காலப் பத்து நிமிடத்தை விட்டால் டீமுக்கே சிக்கல்.

எழுதி வைத்தால் மனசுக்கும் நிம்மதியா? ஆமாம் என்கிறது ஆய்வு. முடிக்காத வேலை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்து தொல்லை தருவது, அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டால் குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், திட்டம் இருந்தாலே போதும் என்பதுதான் அதன் சாரம்.

தமிழில் டைப் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது

* யூனிகோடில் மட்டுமே எழுதுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இப்போதைய போன் கீபோர்டுகள் எல்லாம் யூனிகோடுதான்.
* ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ரெண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக ரெண்டு குறியாகவும் வைக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருக்கும். சில எளிய செயலிகளில் தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது. தேடிக் கிடைக்கவில்லை என்றால் சொல்லின் வேறு பகுதியை அடித்துப் பாருங்கள்.
* கன்டெய்னர் எண்ணில் 4 எழுத்து, 7 இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். பாதி எண்ணை எழுதாதீர்கள். இடைவெளி இல்லாமல் முழுசாக எழுதினால்தான் தேடும்போது சிக்கும்.
* போன், கம்ப்யூட்டர் ரெண்டிலும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் திறந்து திருத்தாதீர்கள். சிங்க் ஆகும்போது ரெண்டு பிரதி உருவாகும். எது சரி என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

எழுதவே கூடாதவை எவை?

டெக்ஸ்ட் ஃபைலுக்குப் பூட்டு கிடையாது. போன் தொலைந்தால் எடுப்பவர் வாசிக்கலாம். அதனால்:

* ஐஸ்கேட் லாகின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் பின், ஓடிபி, வங்கி விவரம் வேண்டவே வேண்டாம். அதற்குத் தனியாகப் பாஸ்வேர்டு மேனேஜர் செயலிகள் இருக்கின்றன.
* வாடிக்கையாளரின் ஆதார், பான் போன்ற விவரங்கள் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.
* சரக்கின் விலை, யாருக்கு எந்த ரேட் போன்ற வணிக ரகசியங்கள் வேண்டாம்.
* கூட வேலை செய்பவர்களைப் பற்றிய விமர்சனம் வேண்டாம். என்றைக்காவது ஒரு நாள் தப்பான ஃபைலை குரூப்பில் அனுப்பிவிடுவோம்.

போனுக்கு ஸ்கிரீன் லாக் கட்டாயம். வாரம் ஒரு முறை ஃபைலை பேக்கப் எடுப்பதும் கட்டாயம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

சொந்த ஃபைலிலேயே எல்லாத்தையும் வைத்துக்கொண்டால் என்ன?

வைக்கக் கூடாது. 2018-ம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிகள்படி கஸ்டம்ஸ் புரோக்கர்கள் பதிவேடுகளைக் குறைந்தது 5 வருஷம் பாதுகாக்க வேண்டும். உங்கள் போனில் மட்டும் இருக்கும் குறிப்பு அலுவலகப் பதிவேடு ஆகாது. 3 வருஷம் கழித்து விசாரணை என்று வந்தால், அன்றைக்கு வேலையில் இருப்பவர் அலுவலகப் பதிவைத்தான் தேடுவார். அதில் இல்லை என்றால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும்.

மேனேஜர் "எதுக்கு ரெண்டு இடத்துல எழுதுற?" என்று கேட்டால்?

"ரெண்டு இடத்துல ஒரே விஷயத்தை எழுதல சார். நிலவரம் எல்லாம் போர்டில் இருக்கு. என் ஃபைலில் இருப்பது இன்னைக்கு நான் பண்ண வேண்டிய வரிசை மட்டும்தான்" என்று காட்டுங்கள். காட்ட முடியாத அளவுக்கு ஃபைலில் ஏதாவது இருந்தால், அது ஃபைலில் இருக்க வேண்டிய விஷயமே இல்லை.

அப்ரைசல் நேரத்தில் இது உதவுமா?

உதவும். ஒரு கார்டு ‘முடிந்தது’ வரிசைக்குப் போனால், அதற்காக நீங்கள் பண்ணிய 11 போன் போர்டில் தெரியாது. முடிந்த வேலைகளின் ஃபைல் உங்களிடம் இருந்தால், தேதி வாரியாக என்ன செய்தீர்கள் என்று சொல்ல முடியும். "நீ சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வந்தாலும், எந்தத் தேதியில் கார்டில் ஏற்றினீர்கள் என்று எடுத்துக் காட்டலாம். ஆனால் ஒன்று, ஆதாரம் என்று நிற்பது கார்டில் ஏற்றியதுதான். ஃபைல் அதைத் தேடிப்பிடிக்க உதவும், அவ்வளவே.

வேலையை விட்டுப் போகும்போது ஃபைலை என்ன செய்வது?

நிலுவையில் உள்ள எல்லா வரியையும் கார்டுகளில் ஏற்றி ஒப்படைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் விவரம் உள்ளதை அழித்துவிடுங்கள். நீங்கள் கற்றுக்கொண்ட வேலைமுறைக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கென்று தனி விதி இருந்தால் அதுவே இறுதி.

செயலி எதுவும் வேண்டாம், பேப்பர் நோட்டே போதுமா?

தாராளமாக. முறை ஒன்றுதான். நோட்டில் தேட முடியாது, மழையில் நனையும், காப்பி எடுப்பது சிரமம். இது பரவாயில்லை என்றால் நோட்டும் பேனாவுமே போதும்.

நாளைக்குக் காலையில் எப்படித் தொடங்குவது?

போனில் ஒரு புது நோட் திறங்கள். இன்றைய தேதியைப் போடுங்கள். டீம் மென்பொருளில் உங்கள் பெயரில் உள்ள கார்டுகளில் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடியை ஒரு வரியில் எழுதி, கடைசியில் டிக்கெட் எண்ணைச் சேருங்கள். சாயங்காலம் கிளம்பும் முன், அந்த மூன்று கார்டிலும் நிலவரத்தைப் புதுப்பித்துவிட்டுப் போங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்து பாருங்கள். பிடித்திருந்தால் + குறி, @ குறி எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.